பழைய ஃப்ரிட்ஜில் 28 டிகிரி: வடசென்னை வெயிலில் இட்லி மாவைப் பக்குவமாகப் புளிக்கவைக்க முழு வழிகாட்டி

கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில் ஒரு நாள், பின்னிரவு 3 மணிக்கு எங்கள் வீட்டுக் கூடத்தில் தட்டு விழுந்த சத்தம் கேட்டது. எழுந்து விளக்கைப் போட்டுப் பார்த்தால் குண்டானின் மூடி தரையில் கிடக்கிறது. மாவு நுரைத்து வழிந்து, பலகையின் விளிம்பிலிருந்து சொட்டிக்கொண்டிருக்கிறது. இரவு 8 மணிக்கு அரைத்து வைத்த மாவு. பெரியம்மா ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "எலுமிச்சம்பழம் பிழிந்த மாதிரி இருக்கிறது, தம்பி. இதை யாருக்குக் கொடுப்பது?" என்றார். தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் 30 வீடுகளுக்கு அவர்தான் மாவு அரைத்துக் கொடுக்கிறார். அன்று 12 கிலோ மாவு வீணாகப் போனது.

அதே ஆண்டு மார்கழியில் நேர்மாறான தொல்லை. விடிந்து 7 மணியாகியும் மாவு எழும்பவில்லை. வாங்க வந்தவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. அதே அரிசி, அதே உளுந்து, அதே கை. மாறியது சூடு மட்டும்தான்.

மாடிப்படிக்கு அடியில் துணி போர்த்திக் கிடந்த பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜை அதன்பிறகுதான் வெளியே இழுத்தேன். இப்போது அது ஆண்டு முழுவதும் 28 டிகிரியில் நிற்கிறது. மே மாதமும் ஜனவரியும் எங்கள் மாவுக்கு ஒன்றாகிவிட்டன. அதை எப்படிச் செய்வது என்று, நான் சறுக்கிய இடங்களையும் சேர்த்து, வரிசையாக எழுதுகிறேன்.

இது பீர் காய்ச்சுகிறவர்களின் வித்தை

ஃப்ரிட்ஜுக்கு வெளியே ஒரு கன்ட்ரோலரை வைத்து, உள்ளே நாம் விரும்பும் சூட்டை நிறுத்தும் இந்த முறையை நன்றாகப் பழகி வைத்திருப்பவர்கள் வெளிநாடுகளில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்கள். அமெரிக்காவில் 1978-இல் சட்டம் மாறியபின் அது பரவலான பொழுதுபோக்கானது. பீரில் ஏல் வகைக்குச் சுமார் 18 முதல் 22 டிகிரி வேண்டும், லாகர் வகைக்கு 8 முதல் 13 வரை. ஈஸ்ட் பொங்கத் தொடங்கும் முதல் இரண்டு மூன்று நாட்களில் சூடு ஏறிவிட்டால், பீரில் வேண்டாத வாசனைகள் வந்துவிடும். பிறகு குளிர வைத்தாலும் அவை போகாது. அதனால் அந்தத் தொடக்க நாட்களைக் கண்ணும் கருத்துமாகக் காப்பார்கள்.

இங்கே அந்த வேலைக்கு இடமில்லை. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது குற்றம். அதில் எந்தக் குறுக்குவழியும் தேடாதீர்கள். ஆனால் அவர்களுடைய கருவியும் கணக்கும் நம் மாவுக்கு அச்சாகப் பொருந்துகின்றன. 1870-களில் கார்ல் ஃபான் லிண்டே என்ற ஜெர்மானியப் பொறியாளர் தன் குளிரூட்டும் இயந்திரத்தை முதலில் பொருத்திப் பார்த்ததே மூனிக் நகரின் ஸ்பாட்டன் பீர் ஆலையில்தான். புளிக்கும் பொருளின் சூட்டைக் காக்கப் பிறந்த இயந்திரம் அது. மாவுக்காக அதைக் கேட்பதில் வியப்பொன்றும் இல்லை.

மாவுக்குள் நடப்பது

இட்லி மாவில் நாம் எதையும் கலந்து புளிக்க வைப்பதில்லை. உளுந்திலும் அரிசியிலும் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்களே வேலை செய்கின்றன. அவற்றில் முதன்மையானது லூக்கோனாஸ்டாக் மெசன்டராய்டஸ் என்ற பாக்டீரியா. புளிப்பையும் கரியமில வாயுவையும் சேர்த்தே உண்டாக்குவது அதன் குணம். அந்த வாயுவை வெளியே விடாமல் பிடித்து வைப்பது உளுந்தின் புரதமும் அதிலுள்ள பசைத்தன்மையும். இட்லியின் மென்மை முழுவதும் இந்தக் கூட்டில்தான் இருக்கிறது.

லூக்கோனாஸ்டாக்குக்குப் பிடித்தது 20 முதல் 30 டிகிரி வரை. அதற்கு மேலே போகப் போக, சூட்டைத் தாங்கும் வேறு பாக்டீரியாக்கள் முந்திக்கொள்கின்றன. என்டரோகாக்கஸ் போன்றவை 45 டிகிரியிலும் வளரும். அவை புளிப்பைத் தருமே தவிர வாயுவைத் தருவதில்லை. மே மாத மாவு சீக்கிரம் புளித்தும் இட்லி கல்லாக வருவதற்கு ஒரு காரணம் இது. இன்னொரு காரணம், வேகமாகப் பொங்கிய மாவு நாம் தூங்கும்போதே உச்சத்தைத் தொட்டு, காற்றிறங்கி, அமுங்கிவிடுவது.

எங்கள் குறிப்பேட்டின் கணக்கில், 28 டிகிரியில் மாவு தயாராக 10 முதல் 12 மணி நேரம் ஆகிறது. 30-இல் 8 அல்லது 9. மே மாதத்தில் கூடத்தில் வெறுமனே வைத்தால் 5 மணி நேரத்திலேயே பொங்கிவிடுகிறது. 28-ஐ நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் சுவை மட்டுமில்லை. இரவு 7 மணிக்கு வைத்து விடிகாலை 5 மணிக்கு எடுக்கும் எங்கள் வீட்டு நடைமுறைக்கு அது ஒத்துவந்தது. உங்களுக்கு 8 மணி நேரத்தில் வேண்டுமென்றால் 30 வையுங்கள். 32-க்கு மேல் போகவேண்டாம்.

ஃப்ரிட்ஜைத் தேர்ந்தெடுப்பது

165 முதல் 190 லிட்டர் வரையுள்ள ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் போதும். பனிக்கட்டி படியாமல் தானே உருக்கிக்கொள்ளும் இரட்டைக் கதவு வகையைத் தவிர்க்கச் சொல்வேன். அதன் விசிறி மாவின் மேற்பரப்பை உலர்த்தி ஆடை கட்ட வைக்கும். அதன் உருக்கும் அமைப்பும், நாம் மின்சாரத்தை அடிக்கடி வெட்டி வெட்டிக் கொடுக்கும்போது குழம்பிப்போகும்.

பழைய ஃப்ரிட்ஜ் வாங்குகிறவர்கள் மூன்றைப் பாருங்கள். கதவு ரப்பரில் ஒரு ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்தால் பிடிப்பு தெரிய வேண்டும். கம்ப்ரசர் ஓடத் தொடங்கிய சில நிமிடங்களில் ஃப்ரீசர் தகடு கையைக் குத்துவதுபோல் குளிர வேண்டும். மூன்றாவது, பின்புறமும் அடிப்பாகமும். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் கடல் காற்றில் பயன்பட்ட ஃப்ரிட்ஜ் என்றால் அடித்தகடும் குழாய் இணைப்புகளும் துருவேறியிருக்கும். வெளித்துரு பரவாயில்லை. குழாயில் பச்சை படிந்து எண்ணெய்க் கசிவு தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

எக்காரணம் கொண்டும் ஃப்ரிட்ஜின் சுவரில் துளை போடாதீர்கள். பல ஃப்ரிட்ஜ்களில் வெப்பக் குழாய் பக்கச் சுவருக்குள்ளேயே ஓடுகிறது. துளைத்தால் உள்ளே ஓடும் குளிர்விக்கும் வாயு போய்விடும். அந்த வாயு ஆர்-600ஏ ஆக இருந்தால் அது தீப்பற்றக்கூடியது. கம்ப்ரசரில் ஒட்டியிருக்கும் சீட்டில் எது என்று எழுதியிருக்கும். மாவின் சூட்டை அளக்க உள்ளே விடும் சென்சாரின் கம்பி மெல்லியது. அது கதவு ரப்பருக்கு அடியில் தாராளமாக நுழைந்துவிடும்.

ஒன்றை முன்பே சொல்லிவிட வேண்டும்: இந்த ஃப்ரிட்ஜில் இனி பாலோ காய்கறியோ வைக்க முடியாது. 28 டிகிரியில் நிற்கும் பெட்டி அது. ஃப்ரீசரிலும் ஐஸ் உறையாது. சமையலறை ஃப்ரிட்ஜ் தனியாக இருந்தால்தான் இந்த ஏற்பாடு சரிவரும்.

கன்ட்ரோலர்

ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும் திருகியால் 28 டிகிரி வைக்க முடியாது. அது குளிர்பதனச் சூட்டுக்காகச் செய்யப்பட்டது. எனவே அதை மிக அதிகக் குளிருக்குத் திருப்பி வைத்துவிட்டு, மின்சாரத்தை எப்போது கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்பதை வெளியே உள்ள கன்ட்ரோலரிடம் ஒப்படைக்கிறோம்.

இரண்டு வகை கிடைக்கும். பிளக்கும் சாக்கெட்டும் சேர்ந்தே வரும் தயார்நிலைக் கருவி ஒன்று. அதில் ஃப்ரிட்ஜையும், குளிர்நாளில் சூடேற்ற உள்ளே வைக்கும் பல்பையும் செருகினால் முடிந்தது. இன்னொன்று எஸ்.டி.சி-1000 என்ற சிறிய பெட்டி. ரிச்சி தெருவில் கேட்டால் எடுத்துக்கொடுப்பார்கள். விலை குறைவு, ஆனால் ஒயரிங் நாம் செய்ய வேண்டும். வாங்கும்போது 220 வோல்ட் வகைதானா என்று பெட்டியில் பாருங்கள். அதே தோற்றத்தில் 12 வோல்ட், 110 வோல்ட் வகைகளும் உண்டு.

எஸ்.டி.சி-1000-இன் பின்னால் 8 முனைகள் இருக்கும். 1, 2 மின்சாரம். 3, 4 சென்சார். 5, 6 சூடாக்கும் ரிலே. 7, 8 குளிர்விக்கும் ரிலே. பலர் தவறு செய்யும் இடம் இதுதான்: ரிலே முனைகளில் தானாக மின்சாரம் வராது. அவை வெறும் சுவிட்ச். உள்ளே வரும் ஃபேஸ் கம்பியிலிருந்து ஒரு கிளையை 5-க்கும் ஒரு கிளையை 7-க்கும் கொடுக்க வேண்டும். 6-இலிருந்து பல்பு சாக்கெட்டுக்கும் 8-இலிருந்து ஃப்ரிட்ஜ் சாக்கெட்டுக்கும் ஃபேஸ் போக வேண்டும். நியூட்ரலும் எர்த்தும் சாக்கெட்டுகளுக்கு நேராகப் போகும். கருவியில் ஒட்டியுள்ள வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒயரிங் பழக்கம் இல்லையென்றால் எலக்ட்ரீஷியனை அழையுங்கள். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

மாவு அரைக்கும் இடத்தில் தரை ஈரம், கை ஈரம், குண்டான் எவர்சில்வர். அதனால் மூன்று கம்பி பிளக்கும் ஒழுங்கான எர்த்தும் கட்டாயம். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தை வெட்டும் ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. கன்ட்ரோலரை ஒரு மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் பொருத்தி, ஃப்ரிட்ஜுக்கு வெளியே, கண் உயரத்தில் சுவரில் மாட்டுங்கள். ஃப்ரிட்ஜின் தலையில் வைத்தால் என்றாவது ஒருநாள் அதன்மேல் தண்ணீர்ச் செம்பு சாயும்.

சென்சாரைச் சரிபார்ப்பது

புதிய சென்சாரை அப்படியே நம்பாதீர்கள். ஒரு டம்ளர் நிறைய ஐஸை நொறுக்கிப் போட்டு, இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுங்கள். சென்சாரின் கறுப்பு முனையை நடுவில் நிறுத்தி, கரண்டியால் மெல்லக் கலக்கிக்கொண்டே இருங்கள். எண் விழுந்து விழுந்து ஓரிடத்தில் நிற்கும். உருகும் ஐஸின் சூடு 0 டிகிரி. எங்கள் சென்சார் 1.3 காட்டியது. எஃப்4 என்ற அமைப்பில் மைனஸ் 1.3 என்று வைத்ததும் சரியானது. ஐந்து நிமிட வேலை இது. இதைச் செய்யாமல் விட்டிருந்தால், 28 என்று நினைத்து மாவை எப்போதும் 26.7-இல் வைத்துக்கொண்டிருந்திருப்போம்.

சென்சாரை எங்கே வைப்பது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள். ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும் காற்றின் சூடு நமக்குத் தேவையில்லை. மாவின் சூடு வேண்டும்.

நான் முதலில் சென்சாரைக் கம்பித் தட்டில் தொங்கவிட்டேன். கம்ப்ரசர் ஓடியதும் காற்று இரண்டே நிமிடத்தில் 28-க்கு இறங்கியது, கம்ப்ரசர் நின்றது. கதவைத் திறந்து மாவில் தெர்மாமீட்டரை விட்டால் 34. இரவு முழுவதும் கம்ப்ரசர் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. மாவோ தன் போக்கில் புளித்துக்கொண்டிருந்தது.

இப்போது செய்வது இப்படி. குண்டானின் வெளிப்புறத்தில், மாவின் பாதி உயரம் வரும் இடத்தில், சென்சார் முனையைப் படியவைத்து டேப் ஒட்டுகிறேன். அதன்மேல் உள்ளங்கை அகலத் தெர்மோகோல் துண்டு ஒன்றை வைத்து, மறுபடி டேப்பால் இறுக்கிச் சுற்றுகிறேன். தெர்மோகோல் காற்றின் குளிரை மறைக்கிறது. எவர்சில்வர் மாவின் சூட்டைக் கடத்துகிறது. ஒட்டும் இடம் துடைத்து உலர்ந்திருக்க வேண்டும். ஒரு துளி ஈரம் இருந்தாலும் டேப் நள்ளிரவில் கழன்றுவிடும். கழன்ற சென்சார் காற்றை அளக்கத் தொடங்கிவிடும்.

பிளாஸ்டிக் வாளியில் மாவு வைப்பவர்களுக்கு இது அவ்வளவு சரியாக வராது. குண்டானுக்கு மாறுங்கள். அலுமினியம் வேண்டாம், புளிப்பு அதை அரிக்கும்.

எண்களை அமைப்பது

எஃப்1 என்பது வேண்டிய சூடு: 28. எஃப்2 என்பது எவ்வளவு விலகினால் வேலை தொடங்க வேண்டும் என்பது: 1. அதாவது 29-ஐத் தொட்டால் கம்ப்ரசர் ஓடி 28-இல் நிற்கும். 27-க்கு இறங்கினால் பல்பு எரிந்து 28-இல் அணையும். இதை 0.3 என்று நெருக்கி வைக்க ஆசை வரும். வைக்காதீர்கள். கம்ப்ரசர் நின்றபிறகும் ஃப்ரீசர் தகட்டில் குளிர் மிச்சமிருக்கும், அது மாவை இன்னும் சற்று இறக்கும். இடைவெளி குறுகலாக இருந்தால் உடனே பல்பு எரியும், பிறகு கம்ப்ரசர் ஓடும். இரண்டும் இரவெல்லாம் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும்.

எஃப்3 என்பது கம்ப்ரசர் நின்றபின் மறுபடி ஓட எத்தனை நிமிடம் பொறுக்க வேண்டும் என்பது. குறைந்தது 5 வையுங்கள், நான் 10 வைத்திருக்கிறேன். நின்ற கம்ப்ரசரின் இரு பக்க அழுத்தமும் சமமாவதற்குள் மறுபடி முடுக்கினால் மோட்டார் திணறும், நாளடைவில் எரிந்துபோகும். மின்சாரம் போய் உடனே திரும்பும் தெருக்களில் இந்தப் பொறுமைதான் கம்ப்ரசரைக் காக்கிறது. மின்னழுத்தம் ஏறி இறங்கும் பகுதி என்றால் ஸ்டெபிலைசரும் வேண்டும்.

மாவை வைப்பதற்கு முன் ஒரு நாள் அதே குண்டானில் அதே அளவு தண்ணீரை வைத்து ஒத்திகை பாருங்கள். காலையில் தண்ணீர் 27-க்கும் 29-க்கும் இடையில் இருந்தால் மாவுக்குப் போகலாம்.

சூடு ஏறுவது கிரைண்டரில்தான்

எல்லாம் சரியாக அமைத்தபின்னும் முதல் வாரம் மாவு புளித்தே வந்தது. காரணம் பிடிபட இரண்டு இரவுகள் ஆயின. அரைத்து முடித்த மாவில் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தேன்: 36. ஃப்ரிட்ஜில் வைத்து மணிக்கு ஒருமுறை பார்த்தேன். 10 கிலோ மாவு. நடுப்பகுதி 29-க்கு வர 5 மணி நேரம் எடுத்துக்கொண்டது. அதற்குள் புளிப்புக்கு வேண்டிய அடித்தளம் போடப்பட்டுவிட்டது. பீர் காய்ச்சுகிறவர்கள் ஏன் காய்ச்சிய தானியச் சாற்றை முதலிலேயே குளிரவைத்துவிட்டு ஈஸ்டைச் சேர்க்கிறார்கள் என்பது அன்றுதான் விளங்கியது. ஃப்ரிட்ஜ் சூட்டைக் காக்கும். கெட்டியான மாவிலிருந்து சூட்டை வேகமாகப் பிடுங்கும் வலு அதற்கு இல்லை.

எனவே மாவு கிரைண்டரிலிருந்து வெளியே வரும்போதே 28-ஐ ஒட்டி இருக்க வேண்டும். மே மாதத்தில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் பிற்பகலில் குளிக்கக்கூட முடியாத அளவுக்குக் கொதிக்கிறது. அதை அரைக்க எடுக்காதீர்கள். எங்கள் தெருவில் இன்னும் வீட்டு வாசலில் அடிபம்பு இருக்கிறது. பூமிக்கடியில் வரும் அந்தக் குழாய்த் தண்ணீரைக் காலையிலேயே அடித்து, காய்ச்சி ஆறவைத்து, சமையலறை ஃப்ரிட்ஜில் வைத்துவிடுகிறோம். ஊறவைப்பதும் அங்கேதான்: உளுந்து ஊறும் பாத்திரத்தைக் கடைசி ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தால், அரைக்கும்போது ஏறும் சூட்டை அது விழுங்கிக்கொள்ளும்.

உளுந்தை அரைக்கும்போது பெரியம்மாவின் கையைப் பார்க்க வேண்டும். குளிர்ந்த தண்ணீரை ஒரே தடவையாக ஊற்றமாட்டார். உள்ளங்கையைக் குவித்து, கல் சுற்றும் ஓரத்தில், ஒரு கை, சற்றுப் பொறுத்து இன்னொரு கை. மாவு வெண்ணெய்போல் திரண்டு கல்லோடு ஏறி மடிந்து விழும். ஒரு சொட்டு மாவைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போடுவார். அது மிதந்தால் கிரைண்டரை நிறுத்துவார். மிக்ஸியில் அரைப்பவர்கள் ஐஸ் துண்டுகளைச் சேர்த்து, ஒரு நிமிடம் ஓட்டி ஒரு நிமிடம் நிறுத்தி அரைக்க வேண்டும். மிக்ஸி கிரைண்டரைவிட மாவை மிக விரைவில் சூடாக்கும்.

எங்கள் அளவு இட்லி அரிசி 4 பங்கு, உளுந்து 1 பங்கு, ஒவ்வொரு கிலோ அரிசிக்கும் ஒரு டீஸ்பூன் வெந்தயம். உப்பைக் கோடையில் அரைத்ததும் கலக்கிறோம், மார்கழியில் புளித்தபின் கலக்கிறோம். உப்பு புளிப்பைச் சற்று மட்டுப்படுத்தும்.

இரவு

கலந்த மாவைக் குண்டானில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். நல்ல மாவு ஏறத்தாழ இரண்டு மடங்காகும். ஒரே பெரிய குண்டானைவிட 5 கிலோ கொள்ளும் இரண்டு சிறந்தவை, நடுப்பகுதி சீக்கிரம் சமநிலைக்கு வரும். சென்சாரை ஒன்றில் ஒட்டினால் போதும், இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும். மூடியை இறுக்காமல் சும்மா வையுங்கள், வாயு வெளியேற வேண்டும். ஃப்ரீசர் தகட்டுக்கு அடியில் ஒரு தட்டு வையுங்கள். தகட்டில் கோக்கும் தண்ணீர் மாவில் சொட்டாது.

பிறகு கதவைத் திறக்காதீர்கள். திறந்து பார்க்கும் ஆசைக்கு மருந்தாக, குண்டானின் வெளியே மாவின் மட்டத்தில் ஒரு சிறிய தெர்மாமீட்டரை வைத்து, அதன் எண் பலகையைக் கதவுக்கு வெளியே தொங்கவிட்டிருக்கிறேன். புளிக்கும் மாவு தானும் சிறிது வெப்பத்தை வெளியிடும். நள்ளிரவு தாண்டி எண் அரை டிகிரி ஏறினால் கவலைப்படவேண்டாம், மாவு உயிரோடு இருக்கிறது என்று பொருள்.

காலையில் மேற்பரப்பு குமிழ்ந்து, நடுவில் மேடாக இருக்க வேண்டும். கரண்டியால் ஓரத்தைக் கிளறினால் உள்ளே தேன்கூடுபோல் ஓட்டைகள் தெரிய வேண்டும். நடு குழிந்து, ஓரத்தில் மாவு இறங்கிய தடம் இருந்தால் நேரம் கடந்துவிட்டது. அடுத்த முறை ஒரு மணி நேரம் முன்னதாக எடுங்கள், அல்லது ஒரு டிகிரி குறையுங்கள். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது என்று தெரியாமல் போகும். இளஞ்சிவப்போ ஆரஞ்சோ நிறத் திட்டு தெரிந்தால், அல்லது பூஞ்சை நெடி அடித்தால், முழுவதையும் கொட்டிவிடுங்கள். மேலே வழித்தெடுத்துவிட்டு மிச்சத்தை விற்காதீர்கள்.

தயாரான மாவை நிறுத்துவது

28 டிகிரிப் பெட்டியிலேயே மாவை விட்டால் அது புளித்துக்கொண்டே போகும். தயாரானதும் சமையலறை ஃப்ரிட்ஜுக்கு, 4 அல்லது 5 டிகிரிக்கு, மாற்ற வேண்டும். குண்டானோடு மாற்றினால் நடுப்பகுதி குளிர்வதற்கே பாதி நாள் ஆகும், அதுவரை புளிப்பு ஏறும். ஒரு கிலோ, அரைக் கிலோவாகப் பிரித்து, தட்டையாக, இடைவெளி விட்டு அடுக்குங்கள். பாக்கெட்டில் போடுகிறவர்கள் மேலே நாலில் ஒரு பங்கு காலியாக விடுங்கள். விற்பனை செய்வதானால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும்; சிறிய அளவில் செய்பவர்களுக்கும் அது பொருந்தும்.

மார்கழியும் மழையும்

சென்னையில் ஜனவரி இரவு 21 டிகிரியை ஒட்டி இறங்கும். அப்போது கம்ப்ரசர் ஓடாது, பல்புதான் வேலை செய்யும். காப்பிடப்பட்ட சிறிய பெட்டி என்பதால் 15 வாட்ஸ் குண்டு பல்பே போதும், எல்.இ.டி. பல்பு சூடு தராது. ஹோல்டரை ஒரு சிறிய மண்சட்டிக்குள் உறுதியாகப் பொருத்தி, ஃப்ரிட்ஜின் அடித்தட்டில், பிளாஸ்டிக் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்திருக்கிறேன். மண்சட்டி சூட்டை வாங்கி மெதுவாக விடுகிறது. குண்டானின் அடியில் நேராகப் பல்பை வைக்காதீர்கள், அடி மாவு மட்டும் வெந்ததுபோல் கட்டியாகிவிடும்.

மின்சாரம் போனால்

மூடிய ஃப்ரிட்ஜ் நல்ல ஐஸ் பெட்டி. சமையலறை ஃப்ரீசரில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் நான்கை எப்போதும் உறையவைத்திருங்கள். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது இழுக்கும் வெப்பம், 10 கிலோ மாவைக் கணக்குப்படி 9 டிகிரி வரை இறக்கக்கூடியது. அதனால் ஒரே நேரத்தில் ஒரு பாட்டில் போதும், குண்டானைத் தொடாமல் பக்கத்தில் நிறுத்துங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து மின்சாரம் இல்லாமல் இருந்த நாட்களில் சூடு தொல்லையாக இருக்கவில்லை, குளிர்தான். குண்டானைச் சுற்றி வெந்நீர் பாட்டில்களை வைத்து, பழைய புடவையைப் போர்த்திக் கதவை மூடினோம். கோடையில் பாட்டில் தீர்ந்துவிட்டால் காசிமேட்டில் ஐஸ் கிடைக்கும். அது மீனுக்கான ஐஸ், உண்ணத் தகுந்ததில்லை. மாவிலோ தண்ணீரிலோ படக்கூடாது. மூடிய டப்பாவில் அடைத்து வெளியே இருந்து குளிர்விக்க மட்டும் பயன்படுத்துங்கள்.

பராமரிப்பு

வாரம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உள்ளே வெந்நீரும் சிறிது வினிகரும் கலந்து துடையுங்கள். கதவு ரப்பரின் மடிப்புகளில் கறுப்புப் புள்ளிகள் படியும். பழைய பல் துலக்கும் பிரஷ் அதற்குச் சரியான கருவி. வெதுவெதுப்பான ஈரப் பெட்டி என்பதால் ஒரு வாரம் தவறினாலும் பூஞ்சை வந்துவிடும். பயன்படுத்தாத நாட்களில் கதவை ஒரு விரல் அகலம் திறந்தே வையுங்கள், குழந்தைகள் உள்ளே புகாதபடி கயிற்றால் கட்டி. சென்சாரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஐஸ் தண்ணீரில் மறுபடி பாருங்கள். எங்கள் முதல் சென்சார் ஒரே ஆண்டில் 2 டிகிரி விலகிப்போனது, ஈரம் உள்ளே இறங்கியிருந்தது. மாற்றுச் சென்சார் ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.

ஃப்ரிட்ஜின் மேல் ஒரு நோட்டும் பென்சிலும் கயிற்றில் கட்டிக் கிடக்கின்றன. தேதி, அரைத்து முடித்தபோது மாவின் சூடு, வைத்த நேரம், எடுத்த நேரம், எவ்வளவு எழும்பியது, புளிப்பு எப்படி: இவ்வளவுதான் எழுதுகிறோம். கடைசிக் கட்டத்தைப் பெரியம்மா மட்டுமே நிரப்புவார். நேற்று அதில், "29-இல் அரைத்தது, காலை 5-க்கு எடுத்தது, பஞ்சு" என்று எழுதியிருக்கிறார்.